துரையின் கல்லறைக்குப் போகும் வழி

அன்று காலை அந்த வெள்ளைக்காரத் துரையின் கல்லறையைச் சுற்றி ஆற்று மணல் கொட்டியிருந்தார்கள். களனி ஆற்றிலிருந்து டிராக்டரில் ஏற்றிவந்த மணல். அதன்மேல் பங்களாவிலிருந்து கொண்டுவந்த பூச்சட்டிகள். கித்துல்கலைக்கு மேலே இருக்கும் எங்கள் ரப்பர் தோட்டத்தில் வேறு எந்தச் சாவுக்கும் அப்படியொரு அலங்காரம் நடந்து நான் பார்த்ததில்லை.

போர்நிறுத்தக் காலம் அது. அமெரிக்காவிலிருந்து ஒரு பெண்மணி தன் குடும்ப வரலாற்றைத் தேடி வருவதாகத் தகவல் வந்தது. அவருடைய மூதாதை அமெரிக்காவில் முதன்முதலில் குடியேறிய வெள்ளையர்களில் ஒருவர். அந்த மனிதர் கப்பலை விட்டு இறங்கியதிலிருந்து வம்சத்தில் கடைசியாகப் பிறந்த குழந்தைவரை எல்லாரையும் அந்தப் பெண்மணி கண்டுபிடித்திருந்தார். அந்த வம்சத்தில் ஒருவர் மட்டும் சிலோனுக்கு வந்து, தோட்டம் போட்டு, காய்ச்சலில் இறந்து, எங்கள் மலையில் புதைக்கப்பட்டிருந்தார். அந்தக் கல்லறையைப் பார்த்துவிட்டால் தான் எழுதிவரும் புத்தகம் முடிந்துவிடும் என்று அந்தப் பெண்மணி எழுதியிருந்தார். தோட்டத்து மக்களோடும் பேச விரும்பினார். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்ததால், மொழிபெயர்க்க வரச்சொன்னார் துரை. வெள்ளைக்காரன் போய் எத்தனையோ காலமாகியும் தோட்டத்தை நடத்துகிறவர் எங்களுக்குத் துரைதான். இவர் சிங்களவர், நன்றாக ஆங்கிலம் பேசுவார்.

அந்தக் கல்லறை இருந்த சரிவில்தான் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் எங்கள் மக்களும் தங்கள் செத்தவர்களைப் புதைத்துவந்தார்கள். ஒரு மண்மேடு, தலைமாட்டில் ஒரு கல், வசதிப்பட்டால் ஒரு குரோட்டன் செடி. பார்க்கக் குப்பையாக இருக்கிறது என்று சொல்லி, விருந்தாளி வருமுன் துரை இயந்திரத்தை விட்டு எல்லாவற்றையும் மட்டமாக்கிவிட்டார். கற்களை ஓடையில் தள்ளினார்கள்.

என் சின்னம்மா, அம்மாவின் தங்கை, அந்த வாரம் ஒரு கல்யாணத்துக்காக வரக்காப்பொலைக்குப் போயிருந்தார். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற வேலை அவருக்கு. அவருடைய ஒரே மகள் பதினாறு வயதில் காய்ச்சலில் கிடந்தபோது, ரப்பர் ஷீட் ஏற்றிய லொறியை இறக்கித் தர முடியாது என்றது தோட்டம். வேறு வண்டி கிடைத்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே பிள்ளை போய்விட்டது. அதிலிருந்து, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும்போதெல்லாம் மகளைப் புதைத்த மேட்டில் ஒரு பூ வைத்துவிட்டுத்தான் வருவார்.

அமெரிக்கப் பெண்மணி கல்லறையைத் தொட்டு அழுதுகொண்டிருந்தபோதுதான் முந்தின இரவு ஊர் திரும்பியிருந்த சின்னம்மா காலி வாளியோடு அங்கே வந்தார். மணலைப் பார்த்தார். பூச்சட்டிகளைப் பார்த்தார். பிறகு துரையிடம் சிங்களத்தில், “மகே துவ கோ, மஹத்தயா?” என்று கேட்டார். என் மகள் எங்கே?

துரை விருந்தாளியின் பக்கம் திரும்பி, “எங்கள் தொழிலாளர்கள் இன்றும் உங்கள் முன்னோருக்கு மரியாதை செலுத்த வருகிறார்கள்” என்று ஆங்கிலத்தில் சொன்னார், முகத்தில் சிரிப்போடு.

“அது பொய்” என்றேன் நான். “இவர் தன் மகளைப் புதைத்த இடத்தைத் தேடுகிறார். நீங்கள் வருகிறீர்கள் என்று அதை அழித்துவிட்டார்கள்.”

சின்னம்மா ஒரு பூச்சட்டியைக் காலால் தள்ளிவிட்டு அங்கேயே உட்கார்ந்து மணலைக் கையால் வழித்தார். “அவங்ககிட்ட சொல்லு தம்பி. அவங்க ஆளும் காய்ச்சல்லதான் செத்தாரு, எம்புள்ளையும் காய்ச்சல்லதான் செத்துச்சு. அவரு மட்டும் மனுசன், எம்புள்ள குப்பையா?”

சொல் தவறாமல் சொன்னேன். அந்தப் பெண்மணியின் முகம் வெளுத்துவிட்டது. பிள்ளையின் பெயரைக் கேட்டார். “லெச்சுமி” என்றார் சின்னம்மா. அந்தப் பெண்மணி அதை எழுதிக்கொண்டு, “என் புத்தகத்தில் இந்தப் பெயர் இருக்கும்” என்றார்.

மறுநாள் சின்னம்மாவுக்கு வேலை இல்லை என்றார் துரை. அன்று ஒரு பெண்ணும் மரத்தில் கத்தி வைக்கவில்லை. “எங்க கல்ல நாங்க வச்ச பொறகுதான் மரத்துக்குப் போவோம்” என்று காலையில் பேர் பதியும் மஸ்டர் கொட்டகைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். பால் வரத்து நின்றுபோனதைத் துரையால் நெடுநாள் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. சின்னம்மாவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. பெண்கள் ஓடையிலிருந்து கற்களைச் சுமந்துவந்து நினைவிருந்த இடங்களில் நட்டார்கள்.

சின்னம்மா ஒரு டின் வெள்ளைப் பெயின்ட் வாங்கிவந்தார். “இந்தத் தடவ பேரு எழுதிரு தம்பி. பேரு இருந்தா குப்பைன்னு சொல்ல வாய் வராதுல்ல.” எழுதினேன். சிலருடைய பெயர் யாருக்கும் நினைவில்லை. அந்தக் கற்களில் ‘அம்மா’ என்றும் ‘குழந்தை’ என்றும் மட்டும் எழுதினேன். எழுத எழுதக் கோபம் ஏறியது. காடு வெட்டியது அந்தக் கல்லறைக்காரர் என்கிறார்கள். கத்தி பிடித்தவர்கள் யார்? என் பாட்டனின் அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தார் என்பதற்குமேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அவர் பெயர்கூடத் தெரியாது.

பிறகு அந்தப் புத்தகம் என் பெயருக்குத் தபாலில் வந்தது. கல்லறை, மணல், பூச்சட்டிகள் எல்லாம் படத்தில் இருந்தன. தோட்டத்து மக்கள் அதை அன்போடு பராமரிக்கிறார்கள் என்று கீழே ஒரு வரி. லெச்சுமி எங்கும் இல்லை.

“பேர எழுதிக்கிட்டாங்களே” என்றார் சின்னம்மா. நான் புத்தகத்தை அவர் கையில் கொடுத்தேன். பக்கத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். “தாளு வழுவழுன்னு இருக்கு. அடுப்பு பத்தவைக்கக்கூட ஆகாது.”

யுத்தம் முடிவதற்குச் சற்று முன்பு சின்னம்மா இறந்தார். மகளுக்குப் பக்கத்தில் புதைத்தோம். யுத்தம் முடிந்து சில மாதங்களில் அந்தப் பெண்மணியின் மருமகன் புத்தகத்தோடு வந்து, கல்லறைக்கு வழி காட்டும்படி என்னைக் கேட்டார். ஜீப் போகும் பாதை ஒன்று இருக்கிறது. நான் அதில் அழைத்துப்போகவில்லை. எங்கள் கற்களுக்கு நடுவே நடக்கவைத்து, ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று வாசித்துக்காட்டினேன். கடிகாரத்தைப் பார்த்தார். “கல்லறை எங்கே?” என்றார்.

“இதுவும் கல்லறைதான்” என்றேன்.

லெச்சுமியின் கல்லுக்கு முன்னால் அவரையே அந்தப் பெயரைச் சொல்லச் சொன்னேன். வாயில் வரவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னேன். சரியாக வந்த பிறகுதான் மேலே கூட்டிப்போனேன்.