அண்ணன் பால் ஊற்றிய குரங்கு

இன்று காலை ரவாங்கில் மகள் வீட்டுத் தகரக் கூரையில் குரங்குகள் தடதடவென ஓடின. பண்டமாரானில் இருந்த எங்கள் பழைய வீடு நினைவுக்கு வந்துவிட்டது.

சனிக்கிழமையானால் அனுமாருக்கு வடை படைக்காமல் அப்பா வாயில் தண்ணீர்கூட ஊற்றமாட்டார். அவரிடம் போய் அண்ணன், "மனுசனும் குரங்கும் ஒரே வம்சம்பா, ஸ்கூல்ல படிச்சேன்" என்றான்.

"சாமிகிட்டயே சொந்தம் கொண்டாடுறியா? சொன்னது தப்புன்னு சொல்ற வரைக்கும் உள்ள வராதே!"

அண்ணனும் விட்டுக்கொடுக்கவில்லை, வீட்டின் முன்நடையான அஞ்சடியிலேயே படுத்தான். அம்மா சோற்றுத் தட்டை வெளியே நீட்டுவாள்.

அந்தச் சமயத்தில்தான் லோரியில் அடிபட்டு ஒரு குரங்கு எங்கள் வாசலில் செத்தது. அனுமார் அம்சமாயிற்றே என்று அப்பா அதைப் புதுத்துண்டில் சுற்றிக் குழியில் வைத்தார். பிறகு பால் செம்போடு அண்ணனைப் பார்த்தார்.

"உன் வம்சந்தானே? வாடா, வந்து பால் ஊத்து."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டு, பெற்றவருக்குச் செய்வதுபோல் பால் ஊற்றி மண் தள்ளினான்.

அப்பா குழாயடியில் அவன் தலையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார்.

"காரியம் செஞ்சவன் வெளிய படுக்கக்கூடாது. உள்ள வா."

அப்பா சாமி என்றதையும் அண்ணன் வம்சம் என்றதையும் இரண்டு பேருமே சாகும்வரை மாற்றவில்லை. எங்கள் வீட்டு ஆண்கள் அப்படி. அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.