கொடி பேசிய பாஷை

கல்லலில் நானும் மனைவியும் ரயில் ஏறினோம். எதிரே, போர்க்கப்பல் உலையில் கரி தள்ளி ஓய்வு பெற்ற ஒருவர் இருந்தார். அனல் பட்டு ஒரு பக்கப் புருவமே இல்லை. கையை வீசாமல் அவருக்குப் பேச வராது.

முதல் பெரிய சண்டைக் காலத்தில் சிங்கப்பூர்க் கடலில் இங்கிலீஷ், பிரெஞ்சு, ஜப்பான் கப்பல்கள் சேர்ந்து பயிற்சி செய்ததை விவரித்தார்.

"ஒருத்தர் பாஷை ஒருத்தருக்குத் தெரியாதே, எப்படிச் சொல்லுவாக?" என்றாள் என் மனைவி.

"கொடிதான் பேசும் ஆச்சி. இங்குட்டு ஆட்டுனா திரும்பணும், அங்குட்டு ஆட்டுனா சுடணும்." துண்டை வீசிக் காட்டினார். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

"நானும் நாலு தடவை ரங்கூனுக்குக் கப்பல் ஏறியவன்தான்," என்றேன்.

"கடல் எப்படி இருந்துச்சு ஐயா?" என்று ஆவலாகக் கேட்டார்.

வாந்தி எடுத்ததைத் தவிர எனக்கு எதுவும் நினைவில்லை.

அவர் இறங்கியதும் மனைவி கேட்டாள்: "கடலைப் பத்தி ஏன் எங்கிட்ட ஒண்ணுமே சொன்னதில்லை?"

நான் பேர்கூடக் கேட்டுக்கொள்ளாத அந்த மனிதர்மேல் எனக்கு இன்னும் பொறாமைதான்.