மலரக்கா வீட்டு இரவல் சோபா

சென்ற வியாழக்கிழமை சுவிஸின் ஓஸ்டர்முண்டிகனில் கடும் மூடுபனி. நான்காம் மாடி யன்னலுக்கு வெளியே ஊரே இல்லை... வெண்மை மட்டும். அதன் நடுவே, யாரோ காணும் கனவுக்குள் தேநீர் அருந்துபவர்களைப் போல, மூவர் அமர்ந்திருந்தோம்.

மலரக்கா, ஆஸ்பத்திரிச் சமையலறையில் மீண்டும் அரைநாள் வேலைக்குப் போகத் தொடங்கியிருப்பவர். பிரௌ கெல்லர், அதாவது திருமதி கெல்லர், அக்காவின் எட்டு வயது மகள் துளசி தங்கியிருக்கும் தனியார் சிறுவர் இல்லத்தின் அலுவலர். நான் மொழிபெயர்ப்பாளர்.

சென்ற ஆண்டு இதே பனிக்காலத்தில், தனித்து வாழும் மலரக்கா மனச்சோர்வில் விழுந்தபோது இல்லம் துளசியைப் பொறுப்பேற்றது. இப்போது கன்டோன் எனும் மாநில அரசு இத்தகைய இல்லங்களுடன் புதுவகை ஒப்பந்தம் செய்கிறது — பராமரித்தால் போதாது, பெறுபேறு காட்ட வேண்டும். ஒரு வருடத்துக்குள் பிள்ளை வீடு திரும்பினால் வெற்றி. வெற்றிகள் குறைந்தால் ஒப்பந்தம் நீடிப்பது சந்தேகம். துளசியின் வருடம் இம்மாத இறுதியில் முடிகிறது.

அவசரப்பட்டுக் குறை சொல்ல மாட்டேன். முன்பு பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் இல்லங்களிலேயே வளர்ந்தார்கள். ஏன் என்று யார் கேட்டார்கள்? கேட்க வைத்தது இந்த ஒப்பந்தம்தான்.

வீடு பளபளத்தது. நல்ல சேலை, சூடான வடை, சுவரோரம் பெரிய சோபா. பிரௌ கெல்லர் படிவத்தைப் பார்த்துக் கேட்டார். நித்திரை வருகிறதா? "நல்லா வருது." காலையில் எழ முடிகிறதா? "ஓம், ஒரு கரைச்சலும் இல்லை." நான் மொழிபெயர்க்க, படிவத்தில் 'சரி' அடையாளங்கள் வரிசையாக விழுந்தன.

எங்கள் இருவரையும் வழியனுப்ப அக்கா பஸ் தரிப்பு வரை வந்தார். அங்கே, பிரௌ கெல்லர் சற்றுத் தள்ளி நிற்க, என் கையைப் பிடித்தார்.

"தங்கச்சி, காலமை இப்பவும் எழும்பேலாமக் கிடக்கு. வேலை இல்லாத நாளில பின்னேரம் வரைக்கும் படுக்கைதான். பிள்ளையை ஆர் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்துறது? பங்குனி வரைக்கும் பொறுப்பினமோ?"

"அதை ஏனக்கா உள்ளுக்கை சொல்லேல்லை?"

"நல்லாக் கதைக்கிறாய். வீடு தேடி வந்த மனிசிக்கு வடையையும் குடுத்து அழுகையையும் குடுக்கிறதோ? அந்தச் சோபாவே மேல்வீட்டு அன்ரியின்ர. அஞ்சு மணிக்கு முதல் திருப்பி ஏத்த வேணும். அங்கிள் நிலத்தில இருந்து செய்தி பாக்க மாட்டாராம்."

இருவரும் சிரித்தோம். சிரிப்பு பனியில் கரைந்தபின் கேள்வி மட்டும் மிஞ்சியது. சந்திப்பில் பேசியதை மட்டுமே மொழிபெயர்ப்பது என் தொழில் விதி. நான் பேசாதிருந்தால், எழ முடியாத தாயின் கட்டிலருகே புத்தகப் பையுடன் ஒரு சிறுமி நிற்பாள். பேசினால்?

"சொன்னால் பிள்ளையைத் தராமலே விட்டிடுவினமோ?" அக்காவும் அதையே கேட்டார்.

"தெரியாதக்கா. நீங்கள் சொல்லச் சொன்னால்தான் சொல்லுவன்."

பனிக்குள்ளிருந்து பஸ் வந்து கதவைத் திறந்தது. நெடுநேரம் திறந்தே நின்றதாக ஒரு மயக்கம்.

"சொல்லு," என்றார் அக்கா.

சொன்னேன். பிரௌ கெல்லர் பஸ்ஸில் ஏறவில்லை. படிவத்தை எடுத்து, ஈரக் காற்றில் மை பரவப் பரவ, இரண்டு அடையாளங்களை வெட்டினார்.

"எங்கள் இயக்குநர் மகிழ மாட்டார்," என்றார். "ஆனால் இம்மாதம் வீட்டுக்குப் போய் அடுத்த மாதமே இல்லத்துக்குத் திரும்பி வரும் பிள்ளையை நான் வெற்றி என்று எப்படி எழுதுவேன்? சனிக்கிழமைகளில் துளசி அம்மாவிடம் வரட்டும். பங்குனியில் மீண்டும் பார்ப்போம்."

அக்கா முதன்முறையாக விருந்தாளிக்கு முன்னால் அழுதார். பிரௌ கெல்லர் அதை எந்தக் கட்டத்திலும் குறிக்கவில்லை. அதற்கொரு கட்டமும் இருக்கவில்லை.

அளப்பவர்கள் அளக்கட்டும், அது தேவைதான். ஆனால் நாம் விருந்துக்கென்று அலங்கரித்த வீட்டை அவர்கள் அளந்துவிட்டுப் போனால், பிழை அவர்களுடையது மட்டுமா?

இல்லத்தின் இவ்வாண்டு அறிக்கையில் துளசி, எட்டப்படாத இலக்குகளில் ஒன்று. நாளை மறுநாளோ சனிக்கிழமை.