சைமியின் மூன்றாவது கத்தி

வடக்கே பனிநாட்டுக் கைனூ காடுகளில் வேட்டைக்குப் போகிறவர்களை ஆண், பெண் என்று பிரித்துப் பார்க்கிறவர்கள் குறைவு. காப்பி கொதிக்க வைக்கத் தெரிந்தவர், தெரியாதவர் என்றுதான் பிரிப்பார்கள். சைமி இரண்டு வருடமாகத் தெரியாதவர் கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று. உருண்டைக் கன்னம். கைகள் மட்டும் பள்ளிக்கூடப் பெண்ணுடையவை மாதிரிச் சின்னவை. பிழைப்பு பள்ளி வேன் ஓட்டுவது. பனி இறுகிய வளைவில் வண்டி வழுக்கினாலும் முகம் மாறாது. பின்சீட்டில் சண்டை மூண்டால் கண்ணாடியில் ஒரே ஒரு பார்வை, அவ்வளவுதான், அடுத்த நிறுத்தம் வரைக்கும் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். தெற்கே வேலைக்குப் போன கணவர் தெற்கிலேயே தங்கிவிட்டார். போகும்போது நாயை விட்டுவிட்டுப் போனார். அந்த அளவுக்கு நல்ல மனிதர்.

நாயின் பெயர் மூஸ்தி. எல்க் மானைத் தேடிப் பிடித்து, அது நகராமல் குரைத்தே நிறுத்தி வைக்கப் பிறந்த சாதி. இலையுதிர் காலத்தில் மற்ற வீட்டு நாய்கள் காட்டுக்குக் கிளம்பும்போது இது வேலியருகே உட்கார்ந்து அழும். அந்த அழுகையைக் கேட்க முடியாமல்தான் சைமி துப்பாக்கித் தேர்வு எழுதினாள், சுட்டாள், தேறினாள், ஓர்வோவின் வேட்டைக் குழுவில் சேர்ந்தாள்.

ஓர்வோ பேசமாட்டார். தலையாட்டுவார், அதையும் சிக்கனமாக. அவர் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வருகிறவருக்கு நிலை கிடையாது, அதாவது துப்பாக்கியோடு காத்து நிற்கும் இடம் கிடையாது. நெருப்புதான் கிடைக்கும். ஆட்கள் காட்டிலிருந்து திரும்பும்போது கரிப்பானையில் காப்பி கொதித்துக்கொண்டிருக்க வேண்டும். கொதித்தால் அடுத்த வருடம் நிலை. இல்லையென்றால் இன்னொரு வருடம் நெருப்பு. நெருப்புக்காரரின் நாயும் நெருப்போரம்தான்.

முதல் வருடம் சைமி கொண்டுபோன கத்தி முழங்கை நீளம். முதுகில் ரம்பப் பல், பிடியின் அடியில் திசைகாட்டி. குழுவில் வாய் அதிகம் உள்ளவன் ரெய்மா. அவன் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தான்.

“திசைகாட்டி எதுக்கும்மா இதுல? ஆஸ்பத்திரிக்கு வழி பாக்கவா?”

அவன் நாக்கு கரிநாக்கு. சைமி அந்தக் கத்தியை வைத்து விறகு பிளக்கப் போனாள். கத்தி விறகில் வழுக்கி இடது கட்டைவிரல் அடியில் இறங்கியது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில்தான் காப்பி குடித்தாள்.

அடுத்த வருடம் மடக்குக் கத்தி. திருகாணி கழற்றும், தகர டப்பா திறக்கும், பல் குத்தும். விறைத்த விரலில் திறக்க மட்டும் மாட்டேன் என்றது. பல்லால் கடித்துத் திறந்து சீவ ஆரம்பித்ததும் பட்டென்று விரல் மேலேயே மடங்கியது. “வேலை முடிஞ்சதுன்னு அதுவே மூடிக்கிச்சு பாரு, மரியாதை தெரிஞ்ச கத்தி” என்று ரெய்மா சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். சைமியும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து நாயின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு என்ன செய்தாள் என்பது நாய்க்குத் தெரியும், நமக்கு வேண்டாம்.

மூஸ்திக்கு வயதாகிக்கொண்டிருந்தது. மாடிப்படி ஏறும்போது பின்னங்கால் யோசித்தது. இன்னும் ஒரு வருடம் நெருப்போரம் போனால், அதற்குப் பிறகு நிலை கிடைத்தும் பிரயோசனம் இருக்காது.

மூன்றாவது கத்தியை வாங்கப் போனவள் கடையையே ஒரு வழி பண்ணிவிட்டாள். குழாயில் கையை நனைத்துக்கொண்டு வந்து ஒவ்வொரு பிடியாகப் பிடித்துப் பார்த்தாள். பளபளப்பு போட்டதெல்லாம் வழுக்கியது. கம்பளிக் கையுறை போட்டு மறுபடி பிடித்தாள். ஆண்களின் கைக்குச் செய்தவை அவள் கைக்குள் உருண்டன. கடைக்காரப் பெண் இரண்டு முறை கொட்டாவி விட்டாள். கடைசியில் ஒரு பூக்கோ. இங்கே எல்லார் இடுப்பிலும் தொங்குகிற அதே எளிய கத்திதான். மடங்காது. அலகின் நீளம் அவள் உள்ளங்கை அகலம்தான், அதற்கு மேல் ஒரு விரல்கூட இல்லை. அலகின் வால் பிடிக்குள் கடைசிவரை ஓடியது. பிடி பிர்ச் மரம், குளிரில் கையைக் கடிக்காது, உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தால் இடம் மாறாது. துரு பிடிக்கும் இரும்புதான், ஆனால் துடைத்து எண்ணெய் போட்டால் போயிற்று, சாதாரணக் கல்லிலேயே கூர் ஏறும். உறை பாதிப் பிடிவரை விழுங்கிக்கொண்டது. தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினாள். விழவில்லை. குதித்தாள். விழவில்லை. உட்கார்ந்தும் எழுந்தும் பார்த்தாள், தொடையில் குத்தவில்லை.

“நடனத்துக்கா வாங்குறீங்க?” என்றாள் கடைக்காரி.

“காப்பிக்கு” என்றாள் சைமி.

அந்த வசந்தத்தில் தொடங்கிக் கோடை முழுக்க விறகுக் கொட்டகையில் உட்கார்ந்து சீவினாள். ஒரு குச்சியில் மெல்லிய சுருள்களைச் சீவிச் சீவி, உதிராமல் அதிலேயே நிற்க விட்டால் கோழிவால் மாதிரி ஒன்று வரும். ஈரக் காட்டில் நெருப்பு அதில்தான் பிடிக்கும். ஆரம்பத்தில் வந்ததெல்லாம் நோய் வந்த கோழி. கத்தி வீட்டை விட்டு நகராது, பள்ளி நாட்களில் சீவல் மட்டும் அவள் ஸ்வெட்டரில் ஒட்டிக்கொண்டு வேனுக்கு வரும். பிள்ளைகள் அதைப் பொறுக்கி அவள் பின்னலில் செருகிவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். அவளும் ஒன்றும் தெரியாத மாதிரி நாள் பூராவும் செருகியபடியே ஓட்டுவாள்.

வேட்டை நாள் வந்தது. மழையும் பனியும் கலந்து கூழாகக் கொட்டியது. ஆட்கள் காட்டுக்குள் போன பிறகு சைமி டிராக்டர் வண்டியில் தேடினாள். கோடாலி இருந்தது, காப்பிப் பானை இருந்தது. நெருப்பு மூட்ட பிர்ச் பட்டையும் காய்ந்த சுள்ளியும் வைத்த சாக்கு மட்டும் காணோம். காலையில் அதை ஏற்றுகிறேன் என்று வாங்கிப்போனவன் ரெய்மா. அந்தச் சாக்கு எப்போதும் இருக்கும் என்ற நம்பிக்கையில் குழுவில் ஒருவரும் இதுவரை எட்டிப் பார்த்ததில்லை, அவளும்தான். மூஸ்தி அவளைப் பார்த்தது.

“என்னை ஏன்டா பாக்குற? நான் தின்னுட்டேனா?”

நின்றபடியே செத்துப்போன மெல்லிய பைன் ஒன்றைத் தேடினாள். வெளியே நனைந்திருந்தாலும் உள்ளே காய்ந்திருக்கும். பிளப்பது கோடாலி வேலை, பூக்கோவை இடுப்பிலேயே விட்டாள். கட்டைவிரல் வடு ஞாபகமாக அரித்தது. நடுத்தண்டு மஞ்சளாக, தீப்பெட்டி மாதிரிக் காய்ந்து வந்தது. கூடாரத் துணியடியில் ஒரு கட்டையில் உட்கார்ந்து, குச்சியின் முனையை எதிரே இன்னொரு கட்டையில் ஊன்றினாள். இடக்கை அலகுக்குப் பின்னால். தொடை, முழங்கால் எதுவும் அலகு போகும் வழியில் இல்லை. மணிக்கட்டை இறுக்கி வைத்து, தோளால் மெதுவாகத் தள்ளினாள். சுருள் எழுந்தது. மூஸ்தி என்னவென்று மூக்கை நீட்டியது. கத்தி உறைக்குள் போனது, நாய்க்குத் திட்டு விழுந்தது, அப்புறம்தான் கத்தி மறுபடி வெளியே வந்தது.

ஈரத்தில் ஊறிய தீக்குச்சிகள் ஒவ்வொன்றாகப் புஸ்ஸென்று செத்தன. பெட்டியின் மூலையில் கிடந்த கடைசிக் குச்சியைக் கொஞ்ச நேரம் அக்குளில் வைத்துச் சூடாக்கி உரசினாள். கோழிவால் பிடித்துக்கொண்டது.

காப்பி பொங்குகிற நேரத்தில் ஆட்கள் வந்தார்கள். நடுவில் ரெய்மாவை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். சிறுவயதிலிருந்து தெரிந்த சதுப்பு என்று குறுக்கே நடந்திருக்கிறான். நெஞ்சுவரை உள்ளே போய்விட்டான். உதடு நீலம். பல் தந்தியடித்தது. நெருப்பைப் பார்த்ததும் ஓர்வோ நின்றார். சாக்கு இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார், பிறகு சீவல் குவியலை.

பூட்ஸ் கயிறு ஈரத்தில் ஊறி இறுகிக் கல்லாகியிருந்தது, யார் விரலுக்கும் அவிழவில்லை. சைமி மண்டியிட்டாள். பூக்கோவைக் கயிற்றுக்கும் அதன் அடியில் உள்ள பூட்ஸ் தோலுக்கும் இடையில் தட்டையாக நுழைத்து, கூர்ப்பக்கத்தை வெளியே பார்க்கத் திருப்பினாள்.

“மெ-மெதுவாம்மா. அது எங்காலு.”

“தெரியுது. திசைகாட்டி இல்லாமயே தெரியுது.”

கயிறு தெறித்தது. சதைக்கு ஒரு கீறல் இல்லை. தன் மாற்றுக் காலுறையை அவனுக்கு மாட்டிவிட்டு, கையில் காப்பியைத் திணித்தாள். பாதிக் குவளைக்குப் பிறகு ரெய்மாவுக்கு நாக்கு வேலை செய்தது.

“சாக்கு கொட்டகைலதான் கெடக்கு. வெளையாட்டுக்குத்தான் விட்டுட்டு வந்தேன். எனக்கே வெனையா முடிஞ்சிருக்கும்.”

சைமி அவன் குவளையை நிரப்பினாள்.

ஓர்வோ ஒரு முழுத் தொத்திறைச்சியை எடுத்து வைத்தார். இடுப்பில் அவர் கத்தி தொங்கிக்கொண்டுதான் இருந்தது. இருந்தும் சைமியைப் பார்த்துக் கையை நீட்டினார். அடுத்தவர் கத்தியை அவர் தொட்டு யாரும் பார்த்ததில்லை. அவள் அலகைத் துடைத்து, முதுகைப் பிடித்துக்கொண்டு, பிடியை அவர் பக்கம் நீட்டினாள். அவர் பிடித்தார். அவள் விடவில்லை.

இங்கே பாலர் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த விதி அது. கத்தியை வாங்குகிறவர் ‘நன்றி’ என்று சொன்ன பிறகுதான் கொடுப்பவர் விடவேண்டும். பிடி கிடைத்துவிட்டது என்பதற்கு அந்தச் சொல்தான் அடையாளம். ஓர்வோ தன் கல்யாணத்திலேயே அதைச் சொல்லியிருப்பாரா என்பது சந்தேகம். இழுப்பது மடத்தனம் என்று அவருக்கும் தெரியும். எல்லாரும் குவளையைப் பாதியில் நிறுத்தினார்கள். சைமி, பின்சீட்டுக்குக் காட்டுகிற அதே முகத்தோடு காத்திருந்தாள்.

“நன்றி” என்றார் ஓர்வோ.

விட்டாள்.

அவர் இறைச்சியை நறுக்கினார். முதல் துண்டு அவளுக்கு, இரண்டாவது மூஸ்திக்கு. பிறகு கத்தியைத் துடைத்துப் பிடிப்பக்கமாகத் திருப்பி நீட்டினார். அவளும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள்.

“அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருக்க வேணாம்” என்றார். ஒரே நாளில் இத்தனை சொற்கள். “நாளைக்கு விடிஞ்சதும் ஓடைப் பக்கத்து நிலை ஒன்னோடது. நாயை அவுத்து விடு.”

“அப்ப நெருப்பு யாரு?” என்று யாரோ கேட்டார்கள்.

எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. கயிறில்லாத பூட்ஸோடு, சைமியின் பூப்போட்ட காலுறையில், ரெய்மா குவளைக்குள் முகத்தை ஒளித்துக்கொள்ளப் பார்த்தான்.

மறுநாள் ஓடைப் பக்கமிருந்து மூஸ்தியின் குரைப்பு காடு முழுக்கக் கேட்டது. நகராத ஒன்றின் முன்னால் நின்று குரைக்கிற குரைப்பு. நெருப்பருகே ரெய்மா கோழிவால் சீவிக்கொண்டிருந்தான். நோய் வந்த கோழிதான். ஆனாலும் முழங்காலை ஒதுக்கி வைத்துத்தான் சீவினான்.