குன்வோர் எடுத்த லீவு

குன்வோர் சுந்தலீன் நின்றுகொண்டேதான் சாப்பிடுவார். நின்றுகொண்டேதான் தூங்கவும் செய்வார். இரண்டாவது என் கைச்சரக்கு. முதலாவது சத்தியம். இடது கையில் காப்பிக் கோப்பை, வலது கையில் ரொட்டி திருப்பும் நீளக் கோல். வெண்ணெய் தடவிய துண்டு எப்படி வாய்க்குப் போகிறது என்பதை ஊரில் இதுவரை யாரும் பார்த்ததில்லை.

ஸ்வீடனின் வடக்கே, ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் ஊரின் ஒரே ரொட்டிக்கடை அவருடையது. பார்லி மாவை அப்பளம்போலத் தேய்த்து, பிர்ச் விறகு எரியும் அடுப்பில் விட்டு, கருகுவதற்குள் கோலால் திருப்பி எடுக்கவேண்டும். ஒருவர் தேய்க்க, ஒருவர் சுட, இரண்டு பேர் வேலை. அடுப்போரமாகவே நின்று குன்வோருக்கு ஒரு பக்கக் கன்னம் மட்டும் எப்போதும் சிவந்திருக்கும். பேச்சு கம்மி. 'ஆமாம்' என்பதைக்கூட எங்கள் பக்கத்து வழக்கப்படி உதட்டைக் குவித்து, 'ஷுப்' என்று மூச்சை உள்ளே இழுத்தே முடித்துவிடுவார். பாராட்டு அவர் கடையில் விற்காத சரக்கு. ஏதாவது பிரமாதமாக இருந்தால், "மோசமில்ல."

கூடவே மாவு தேய்த்த தங்கை ஐம்பத்தெட்டு வயதில் காதலித்துத் தெற்கே போய்விட, குன்வோருக்கு ஆள் தேவைப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து ஆள் எடுப்பதென்றால் முதலில் ஒன்றியம் முழுக்க விளம்பரம் கொடுக்கவேண்டும் என்பது சட்டம். கொடுத்தார். ஒரே ஒருவர் கூப்பிட்டு, இந்த வேலையை வீட்டிலிருந்தே செய்யலாமா என்று கேட்டார். அதன் பிறகுதான் ஜார்ஜியாவிலிருந்து ஓதார் வந்து சேர்ந்தார், மனைவி மாக்வாலாவோடும் மகளோடும். இங்கே முதலாளியைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஓதார் மட்டும் தன் ஊர் வழக்கப்படி 'அத்தை' என்பார். குன்வோர் ஒரு வாரம் முறைத்துப் பார்த்தார். அப்புறம் அந்த அழைப்புக்கும் 'ஷுப்'.

ஓதார் இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதி இந்தக் கடை வேலையோடு கட்டப்பட்டது. அதை நீட்டிக்கும் சமயம் வந்தபோது குடியேற்ற அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி தொலைபேசியில் அழைத்தார். நான் ரொட்டிக்காக நின்றிருந்தேன். கையெல்லாம் மாவு என்பதால் குன்வோர் ஸ்பீக்கரில் போட்டார். ஓதாருக்காக நல்லதாக நாலு வார்த்தை சொல்லவேண்டுமே என்று, தன் வாழ்நாளின் முதல் பாராட்டை எடுத்துவிட்டார்.

"ஓதார் மாதிரி ஒருத்தன் கிடைக்கவே மாட்டான். வந்ததுலேர்ந்து ஒரு நாள்கூட லீவு எடுத்ததில்ல."

"ஒரு நாள்கூடவா?" என்றார் அதிகாரி.

"நானுந்தான் எடுத்ததில்ல."

முதலாளி தன் லீவை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். தொழிலாளிக்கு விடுமுறை கொடுத்தே ஆகவேண்டும் என்று அந்தப் பெண் பொறுமையாக விளக்கினார். கொடுக்காதது ஒன்றே நீட்டிப்பை மறுக்கப் போதும். பாக்கி விடுமுறையை உடனே கொடுத்துச் சரிசெய்தால், தெரியாமல் நடந்த தவறு என்று பார்க்க இடமுண்டு. ஆனால் உறுதி சொல்ல முடியாது. மறுத்தால் மூன்று பேரும் மூட்டை கட்டவேண்டியதுதான். அந்தச் சிவந்த கன்னமும் வெளுக்கும் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

"கிளம்பு வீட்டுக்கு," என்றார் ஓதாரிடம்.

"அடுப்புல ரொட்டி இருக்கு அத்தை."

"நான் பாத்துக்கறேன். நீ போய் சும்மா இரு."

"சும்மான்னா என்ன செய்யணும்?"

"எனக்கு மட்டும் தெரியுமா?"

மறுநாள் காலை ஓதார் பின்வாசல் வழியாக வந்தார். குன்வோர் கோலை நீட்டி விரட்டினார். சுற்றிக்கொண்டு முன்வாசலில் வந்து எங்களோடு வரிசையில் நின்றார்.

"மாவு இறுகிப் போச்சு அத்தை, ஒரு கை தண்ணி…"

"ரொட்டி வாங்க வந்தவனுக்கு மாவப் பத்தி என்ன பேச்சு? உன்ன இங்க யாராவது பாத்தா வேலை செய்றான்னு சொல்லிடுவாங்க. அந்தாண்ட போ."

தனியாகச் சுட்டதில் பாதி கரி. கடைசியில் கடையைப் பூட்டி 'விடுமுறை' என்று எழுதி மாட்டினார். ஊர் ஆடிப்போய்விட்டது. குன்வோர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றே நினைத்துப் பாதிரியார் அவர் வீட்டுக்கு வந்தார். கதவைத் திறந்தது குன்வோரே என்றதும் பூங்கொத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். பாதிரியார் வந்தது நிஜம். பூங்கொத்து என் கைச்சரக்கு.

அந்த விடுமுறை முழுக்க ஓதார் குடும்பம் ஏரிக்கரையில் கம்பளி விரித்து உட்கார்ந்து மீன் பிடித்தது. குன்வோர் அவர்கள் பின்னால் நின்றுகொண்டிருந்தார், மீனையும் கோலால் திருப்பப்போகிறவர் மாதிரி. ஓய்வு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"மோசம்," என்றார். கண் மட்டும் ஓதாரின் மகள் மேலேயே இருந்தது.

கடை திறந்து கொஞ்ச நாளில் முடிவு வந்தது. மாக்வாலா கைபேசியை உயர்த்திப் பிடித்தபடி உள்ளே ஓடிவந்தார். "நீட்டிச்சிட்டாங்க அத்தை, ரெண்டு வருஷம்." குன்வோர் மூச்சை உள்ளே இழுத்தார். பிறகு கோலைச் சுவரில் சாத்திவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, மகாராணிபோல எங்கள் கண்ணெதிரே அரைமணி நேரம் உட்கார்ந்தார். அடுப்பில் ரொட்டி கருகியது. திரும்பிப் பார்க்கவேயில்லை.

இதை நேற்றுக் கடை வரிசையில் நின்றவர்களுக்கு நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, இப்போது கடையில் ரொட்டி கட்டிக்கொடுக்கும் மாக்வாலா கையை நிறுத்தினார்.

"நாற்காலியும் இல்ல, மகாராணியும் இல்ல. நான் சொன்னதும் அவங்களுக்குக் கால் மடங்கிடுச்சு. ஓதார் மாவுக் கையோட ஓடிப்போய்த் தாங்கிப் பிடிச்சாரு. அவங்க சட்டை முதுகுல பத்து விரலும் வெள்ளையா பதிஞ்சிருந்துது. அந்தச் சட்டைய இன்னும் துவைக்காம மாட்டி வச்சிருக்காங்க. வேணும்னா அவங்களையே கேளுங்க."

அடுப்புப் பக்கமிருந்து மூச்சு உள்ளே போகும் சத்தம் கேட்டது.