இடுப்பில் மிஞ்சிய ஒன்று

முள்ளெலும்பைக் கையில் எடுத்தால் எலும்புக்கா முதலில் கண்ணை மூடிக்கொள்வாள். இன்னொன்றை அதன்மேல் வைத்து, பூட்டில் சாவி போட்டதுபோல் இடமும் வலமும் மெல்லத் திருகுவாள். ஆடினால் எடுத்துவிடுவாள். டக்கென்று உட்கார்ந்தால்தான் கண் திறப்பாள்.

மருத்துவக் கல்லூரியில் எலும்புக்கூடுகளைக் கோத்து நிறுத்துவது அவள் வேலை. பெயர் மாணவர்கள் வைத்தது. அன்று உடல்தானம் செய்த இருவரின் முதுகெலும்புகள் தனித்தனித் தட்டுகளில் கோக்கத் தயாராக இருந்தன. ஸ்டூலோடு வந்த அட்டெண்டர் மேசைக்காலில் தடுக்கி விழ, இரண்டு தட்டும் ஒன்றாகக் கவிழ்ந்தன.

"போச்சு, எல்லாம் போச்சு."

"எங்கயும் போகல. இங்கதான் கிடக்கு, பொறுக்குங்கண்ணே."

சொல்லிக்கொண்டே எலும்புக்காவும் தரையில் உட்கார்ந்தாள். மறுநாள் காலை தேர்வு. இரண்டும் நிற்காவிட்டால் இனி பிளாஸ்டிக் எலும்புக்கூடுதான் என்று துறைத்தலைவர் முன்பே சொல்லியிருந்தார். பிளாஸ்டிக் வந்துவிட்டால் எலும்புக்கா எதற்கு?

இருவரும் ஏறக்குறைய ஒரே பருமன். கண் ஏமாற்றியது, விரல் ஏமாறவில்லை. மேலெலும்பின் இரு கால்களைக் கீழெலும்பின் இரு கைகள் கவ்விப் பிடிக்கும். ஆள் மாறினால், பொத்தான் மாற்றிப் போட்ட சட்டைபோல ஒரு பக்கம் தூக்கும்.

"இது சேருமா பாரும்மா?" அட்டெண்டருக்கும் வெறி பிடித்துவிட்டது.

"பக்கத்து வீட்டுல போய் உக்காருதுண்ணே. அடுத்ததைக் குடுங்க."

டக். டக். வெயில் சாய்வதற்குள் இரண்டும் கம்பியில் நிமிர்ந்து நின்றன. மேசையில் ஒரு எலும்பு மிச்சம்.

"யாரும்மா இது, மூணாவது ஆளு?"

இரண்டு முதுகையும் மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டு வந்தாள். எங்கே தப்பு பண்ணினோம்? சட்டென்று உறைத்தது. இரண்டாவது ஆளின் இடுப்பில் கடைசி எலும்பு லேசாக ஆடியது. எல்லாருக்கும் இடுப்பில் இருக்கிற அஞ்சு வந்துவிட்டதே என்று, விரல் சொன்னதைக் கேட்காமல் கோத்துவிட்டாள். அவிழ்த்தாள். மிஞ்சியதை அடியில் வைத்துக் கண்ணை மூடினாள்.

டக்.

"ஆறு இருக்குண்ணே இவருக்கு."

"ஆறா? அப்படியும் இருக்குமா?"

"சில பேருக்கு இருக்கும்னு கேள்விதான். கையில பிடிச்சது இன்னைக்குத்தான்."

காலையில் துறைத்தலைவர் அந்த இடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்து தானே எண்ணிப் பார்த்தார். பிளாஸ்டிக் பேச்சை அப்புறம் எடுக்கவில்லை.

தானம் கொடுத்த குடும்பங்களுக்கு நன்றி சொல்லக் கூப்பிட்ட நாளில்தான் தெரிந்தது, அந்த ஆறு எலும்புக்காரர் தையல்காரர் என்று. மற்றவர்களுக்கு அளவு பிசகாமல் வெட்டுகிறவர், தன் சட்டைக்கு மட்டும் நீளத்தில் ஒரு அங்குலம் கூட்டி விடுவாராம். ஏன் என்று மனைவி கேட்டால், "துவைச்சா சுருங்கும்" என்பாராம்.