கரமனை அடுக்களைக்கு ஒரு கிரவுன்

எனக்கு வரன் பேசிய தரகர், பையன் கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேரில் இருக்கிறான் என்று கரமனையில் என் மாமியாரிடம் சொல்லியிருக்கிறார். அதில் பொய் எதுவும் இல்லை. கழக்கூட்டத்தில்தான் இருந்தேன், காலையிலிருந்து சாயங்காலம் வரை சாஃப்ட்வேரில்தான் இருந்தேன். அது அலமாரி வரைகிற சாஃப்ட்வேர் என்பதும், நான் உட்காரும் இடம் ஐ.டி. பார்க்குக்குள் இல்லை, அதன் பின்னால் ஒரு சந்தில் மரத்தூள் பறக்கும் பட்டறையில் என்பதும் நிச்சயதார்த்தத்துக்குப் பிறகுதான் மாமியாருக்குத் தெரியவந்தன. ஐ.டி. பார்க்குக்குள் நிஜமாகவே உட்கார்ந்து, மற்றவர்கள் எழுதிய புரோகிராம்களில் தப்புக் கண்டுபிடிக்கிறவள் அவருடைய மகள். தம்பதியில் ஒருவர் உள்ளே இருந்தால் போதும் என்று மாமியார் சமாதானம் ஆகிவிட்டார். ஆனாலும் அக்ரஹாரத்தில் யாராவது கேட்டால், "மாப்பிள்ளை டிசைன் சைடு" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

போன வருஷம் அவர் தன் அடுக்களையைப் புதிதாக்க முடிவு செய்தார். வேலை எங்கள் பட்டறைக்கே வந்தது. கீழ் அலமாரி, மேல் அலமாரி எல்லாம் தகராறு இல்லாமல் முடிந்தன. கிரவுனில்தான் மாட்டிக்கொண்டேன்.

மேல் அலமாரியின் உச்சியில், முகப்பு நெடுக வளைவும் நெளிவுமாக முன்னால் சாய்ந்து ஓடும் மரச்சட்டத்தைத்தான் எங்கள் தொழிலில் கிரவுன் என்கிறோம். ரெடிமேடாகவும் கிடைக்கும். ஆனால் மாமியார் வீட்டுக்கு ரெடிமேட் வாங்கிப் போட்டால் நான் டிசைன் சைடு என்பதற்கு என்ன அர்த்தம்? சட்டத்தின் குறுக்குவெட்டை நானே வரைந்து, கம்ப்யூட்டர் படத்தை மரத்தில் கடையும் எங்கள் மிஷினில் தேக்கில் கடைந்து தருவதாக வீறாப்பாகச் சொல்லிவிட்டேன்.

முதலில் வரைந்தது எனக்கு மிகவும் பிடித்தது. மேலே பெரிய குழிவு, நடுவில் இரண்டு மெல்லிய வரிப்பள்ளம், கீழே சின்னதாக ஓர் உருண்டை விளிம்பு. அரை முழத்துக்கு ஒரு துண்டு கடைந்து கரமனைக்குக் கொண்டுபோனேன். மாமியார் அதைக் கையில் வாங்கி, அந்த வரிப்பள்ளங்களையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நன்னாருக்கு, மாப்பிள்ளை. இதை யார் தொடைப்பா?"

நான் பதில் யோசிப்பதற்குள் என் மனைவி ஈரத் துணியோடு வந்துவிட்டாள். ஆபீஸில் செய்கிற வேலையை வீட்டில் செய்ய அவளுக்கு ஒரு சந்தர்ப்பம். துணியை விரலில் சுற்றிப் பள்ளத்துக்குள் விட்டாள். விரல் நுழையவில்லை. தாளிக்கிற எண்ணெய்ப் புகை ஒரு மாசத்தில் அங்கே பிசுக்காக உட்காரும், அப்புறம் அம்மா ஸ்டூல் போட்டு ஏறி ஊக்கால் நோண்டவேண்டியதுதான் என்று அறிக்கை வாசித்தாள். அவள் ஆபீஸில் புரோகிராம் எழுதுகிறவர்கள் மேல் எனக்கு அன்று முதல்முறையாகப் பரிதாபம் வந்தது.

அடுத்து நான் கொண்டுபோனதில் பள்ளமே கிடையாது. வழவழவென்று ஒரே சரிவு. அதைப் பார்த்த மாமியார், ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்றார்.

மூன்றாவதில்தான் வழி பிறந்தது. பள்ளங்களை எடுத்துவிட்டுக் குழிவையும் கீழே உருண்டை விளிம்பையும் மட்டும் வைத்துக்கொண்டேன். குழிவின் வளைவு துணி சுற்றிய விரலைவிடக் குறுகாதபடி சாஃப்ட்வேரில் பார்த்துக்கொண்டேன். அதில் மிஷினுக்கும் சௌகரியம். உருண்டை மூக்குள்ள பிட், அதாவது வெட்டும் முனை, ஒன்றே முழுக்கக் கடைந்துவிடும். மனைவி துணியை ஓட்டிப் பார்த்து, குறையொன்றும் சொல்லாமல் அம்மாவிடம் நீட்டினாள். மாமியார் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. இதுதான், இந்த உருண்டை மேலே இருப்பது எவ்வளவு லட்சணம் என்றார்.

உருண்டை இருக்கவேண்டியது கீழே. துண்டைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

"அம்மா, அது தலைகீழ்" என்றேன்.

"அப்போ தலைகீழாவே பண்ணிடுங்கோ."

கிரவுனுக்கு ஒரு முறை இருக்கிறது, பெரிய வளைவு மேலே வந்தால்தான் கண் மேல்நோக்கிப் போகும் என்றெல்லாம் விளக்கினேன். யார் கண் என்று மனைவி கேட்டாள். பட்டறைக்குத் திரும்பி, படத்தைத் தலைகீழாகத் திருப்பிவைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தபிறகு அதுவும் மோசமில்லை என்று தோன்றியது. மாமியாரிடம் அதைச் சொல்லவில்லை.

பட்டறையில் மிஷின் பக்கம் முழுக்க என் கூட்டாளியின் பொறுப்பு. மார்த்தாண்டத்துக்காரர், அவர் பேச்சில் பாதி மலையாளம். வேலையில் கெட்டி. ஆனால் யார் வரைந்த படத்திலும் தப்பைத் திருத்திக் கொடுப்பது தன் கடமை என்று நினைப்பவர். நீளமான சுவருக்கு உரிய சட்டத்தை, மூலையில் அடுத்ததோடு இணையும்படி முனை சாய்த்து அவர் வெட்டியபோது நான் பக்கத்தில் நின்றேன். குட்டைச் சுவருக்கு உரியதை வெட்டும்போது சாப்பிடப் போயிருந்தேன்.

மறுநாள் கரமனையில் இரண்டையும் மேலே தூக்கி வைத்தோம். நீளப் பக்கத்தில் உருண்டை மேலே. குட்டைப் பக்கத்தில் உருண்டை கீழே. இரண்டு சட்டங்களும் மூலையில் ஒன்றையொன்று பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன.

கூட்டாளி ஏணியிலிருந்தபடியே சொன்னார்: "அண்ணே, படம் தல மறிஞ்சில்லா கெடந்துது. ஒங்களுக்குத் தெற்றிப்போச்சுன்னு நான் நேராக்கி வெட்டினேன்."

நேராக்கியதை மறுபடி தலைகீழாக்கவும் முடியாது. திருப்பினால் சாய்த்து வெட்டிய முனை எதிர்ப்பக்கம் போய்விடும். வேறு சட்டம் கடைந்தாகவேண்டும். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். மாமியார் காபி கொண்டுவந்து கொடுத்தார். நிலவரத்தைக் கேட்டுக்கொண்டார். பிறகு உள்ளே போய் வேறு புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றார். தானும் வருகிறாராம். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் மாப்பிள்ளையின் ஆபீஸை ஒருதடவைகூடப் பார்த்ததில்லையாம்.

வேனில் முன்சீட்டில் மாமியார், அவருக்கும் டிரைவர் இடத்தில் இருந்த கூட்டாளிக்கும் நடுவில் தண்ணீர் பாட்டில். பின்னால் சட்டங்களோடு நான். பைபாஸ் நெரிசலில் ஊர்ந்து கழக்கூட்டம் போய்ச் சேர்வதற்குள் கூட்டாளியின் வீட்டில் யாருக்கு என்ன வியாதி என்பதுவரை மாமியார் தெரிந்துகொண்டிருந்தார்.

பட்டறையில் அவருக்கு என் நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். கம்ப்யூட்டரில் அவருடைய அடுக்களையைத் திறந்து காட்டினேன். மௌஸைக் கையில் வாங்கினார். படத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றினார். கூரையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தார். தரைக்கு அடியில் போய் அலமாரியின் அடிவயிற்றைப் பார்த்தார். கடைசியில் நடு அடுக்களையில் வந்து நின்று திரையை உற்றுப் பார்த்தார்.

"இது யாராத்து அடுக்களை?"

"உங்களோடதுதான்."

"ஒரு பாத்திரம்கூட இல்லையே. இதுல எப்படிச் சமைக்கறது?"

சாஃப்ட்வேரில் பாத்திரங்களும் உண்டு என்று சொல்லி, இருந்ததிலிருந்து ஒரு பழக்கூடையும் கண்ணாடி ஜாடியும் எடுத்து வைத்தேன். வேறு யாராவது குடிவந்துவிட்டார்களா என்று கேட்டார்.

அதற்குள் கூட்டாளி மிஷினை ஓடவிட்டிருந்தார். பிட் தேக்கின்மேல் முன்னும் பின்னுமாகப் போய், ஒவ்வொரு போக்கிலும் இம்மியளவு நகர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குழிவைக் கடைந்துகொண்டிருந்தது. மாமியார் புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு கண்ணாடித் தடுப்புக்குப் பக்கத்தில் நின்றார். அந்த வேலை முடிகிறவரை நகரவில்லை. இவ்வளவு நேரம் பிடிக்கும் என்று தெரிந்திருந்தால் மூன்று தடவை மாற்றச் சொல்லியிருக்கமாட்டேன் என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். எனக்கு ஒரு மாதிரி நெகிழ்ந்துவிட்டது. ரெண்டு தடவையோடு நிறுத்தியிருப்பேன் என்று சேர்த்துக்கொண்டார்.

இந்த முறை மூலை வெட்டும்போது படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டாளியின் தோளருகே நின்றவர் மாமியார்தான். "உருண்டை மேலே" என்று ஒருதடவை சொன்னார். கூட்டாளி, "செரி அம்மா" என்று அடக்கமாகச் சொல்லிவிட்டு வெட்டினார். என்னிடம் ஒருநாளும் அவர் அப்படிச் சொன்னதில்லை.

சாயங்காலத்துக்குள் சட்டம் ஏறிவிட்டது. பழைய வீட்டுச் சுவர் என்பதால் மூலை சரியான செங்கோணத்தில் இல்லை. முனையைக் கொஞ்சம் இழைத்தும், மிச்ச இடுக்கில் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தும் சேர்த்தோம். ஆயில் பூசியதும் தேக்கு நிறம் எடுத்தது. பக்கத்து வீட்டு மாமி வந்து பார்த்து, எல்லார் வீட்டிலும் இருப்பதுபோல் இல்லாமல் தனி அழகாக இருக்கிறது என்றார். டிசைன் யாருடையது என்றும் கேட்டார். மாமியார் யோசிக்கவே இல்லை. தன்னுடையது என்றார்.

இப்போது கரமனையில் ஓர் அலமாரிக் கதவு தொங்கினாலும், டிராயர் இறுகினாலும் மாமியார் நேரே கூட்டாளிக்குத்தான் போன் செய்கிறார். அவரும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் கிளம்பிப்போய், சரிசெய்து, அங்கேயே சாப்பிட்டுவிட்டு வருகிறார். அன்றைக்கு என்ன கறி, ரசம் எப்படி என்றெல்லாம் மறுநாள் பட்டறையில் எனக்கு விவரமாகச் சொல்வார்.